பொட்டு வைத்த கட்டை

சக்கரத்துக்கு அடியில் இருக்க வேண்டிய இரண்டு மரக்கட்டைகளும் சரஸ்வதி படத்துக்கு முன்னால் இருந்தன. அவற்றுக்குப் பொட்டு வைத்தது நான்தான். இரண்டாவது கட்டையில் குங்குமம் சற்று ஓரமாக விழுந்துவிட்டது போலத் தோன்றியதால், துடைத்துவிட்டு மறுபடி வைத்துக்கொண்டிருந்தேன். அப்போது வெளியே லாரி ஹாரன் கேட்டது.

நாளை மறுநாள் கேட்க வேண்டிய ஹாரன் அது.

இரண்டு மூன்று ஆயுத பூஜைகளுக்கு முன்னால் நடந்தது. தாராவியில் பெரிய ரோட்டை ஒட்டி எங்கள் கடை. கிரைண்டர், இட்லிக் கொப்பரை, ஓட்டல்களுக்கு வேண்டிய பெரிய பாத்திரங்கள். மாட்டுங்கா ஓட்டல்களில் சாப்பிடும் இட்லியில் பாதிக்கு மாவு நம் கடைக் கல்லில் அரைபட்டது என்று என் மாமியார் சொல்வார். பாதி என்பதற்கு என்னிடம் ஆதாரம் இல்லை. கொஞ்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கடைக்கு மேலேயே வீடு. நடுவில் செங்குத்தாக ஓர் இரும்புப் படி. கோயமுத்தூரிலிருந்து கிரைண்டர் லோடு வந்தால், லாரி பின்பக்கமாகவே வந்து கடை வாசலில் நிற்கும். பதினொரு மணிக்குள் இறக்கிவிட வேண்டும். அதற்கு மேல் பெரிய வண்டி அங்கே நின்றால் போலீஸ் விசில் வரும்.

டிரைவர் கடைக்குள் எட்டிப் பார்த்தார். "ஏனுங்க அம்மிணி, லோடு வந்துருச்சுங்."

மணி ஒன்பதேகால்.

"நாளான்னிக்குத்தானே வர்றதாச் சொன்னீங்க?"

"லோடோட வண்டிக்குப் பூசை போட்டா வருசம் முச்சூடும் லோடு எறங்காதுங்க. அதான் முடுக்கிக்கிட்டு வந்தனுங்."

என் இரண்டு கையிலும் குங்குமம். என் பொறுப்பில் இறங்கப்போகும் முதல் லோடு அது. அதை இறக்குவதற்கென்று நான் சேர்த்து வைத்திருந்த சாமான் அத்தனையும் சாமிக்கு முன்னால் வரிசையாக உட்கார்ந்திருந்தது.

இரண்டு விரல்

இந்தத் தொடரை வாசித்து வருகிறவர்களுக்கு என்னைத் தெரியும். மகளுக்குத் திராட்சையை நான்காக வெட்டிக் கொடுக்கிற ஆள் நான். வெட்டிய பிறகு கொட்டை ஏதும் இருந்துவிட்டதோ என்று கிளறிப் பார்க்கிற ஆளும் நான்தான்.

யாழினிக்கு அப்போது நாலு வயது. அவள் பெயரை ஒரு நாளைக்கு எத்தனை தடவை கத்துவேன் என்று எனக்கே தெரியாது. படி ஓரம் போனால் "யாழினீ!" பிளக் பாயின்ட் பக்கம் போனால் "யாழினீ!" சத்தமே இல்லாமல் இருந்தால், ஏன் சத்தமில்லை என்று "யாழினீ!"

இப்படிப் பார்த்துப் பார்த்துக் காத்த வீட்டில் கடைசியில் அடிபட்டது அவளுக்கு இல்லை, அவள் அப்பாவுக்கு.

என் கணவருக்கு ஒரு பழக்கம். லோடு இறங்கும்போது லாரிக்கு நேர் பின்னால் போய், நெஞ்சை நிமிர்த்தி, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நிற்பார். "விடு, விடு, நான் இருக்கேம்லா!" என்பார். ஆயுத பூஜைக்கு மூன்று வாரம் முன்பும் அப்படித்தான் நின்றார். மேலே இருந்தவர்கள் விட்டார்கள். அவரும் அங்கே இருந்தார். கிரைண்டர் கல்லும் அங்கேயே வந்து சேர்ந்தது. இடது காலில் இரண்டு விரல் முறிந்தது.

எலும்பு டாக்டர், காலில் என்ன போட்டிருந்தீர்கள் என்று கேட்டார். ரப்பர் செருப்பு என்றார் இவர். டாக்டர் திரும்பி என்னைப் பார்த்தார், அந்தச் செருப்பைப் போட்டிருந்தது நான் என்பது போல. எனக்கும் ஒரு நிமிஷம் அப்படித்தான் தோன்றியது.

மாவுக்கட்டோடு வீட்டுக்கு வந்து படுத்ததும், "கண்ணு பட்டுட்டு" என்றார்.

"கண்ணு இல்ல, கல்லு. இனிமே நீங்க வண்டிக்குப் பின்னாடி நிக்கக் கூடாது."

"பெறவு யாரு நிக்கது?"

"யாருமே நிக்கக் கூடாது."

அன்றைக்குத் தொடங்கிய சண்டை ஒரு வாரம் நடந்தது. கடைசியில் தலையணையைத் தட்டிப் போட்டுக்கொண்டு சொன்னார்: "சரி. அடுத்த லோடு உன் பொறுப்பு. உன் சட்டப்படி, ஒருத்தருக்கும் ஒரு கீறல் விழாம இறக்கிக் காட்டு. நான் வண்டிக்குப் பின்னாடி நிக்கவே மாட்டேன். ஏதாவது ஆச்சு, பழையபடி நான்தான் நிப்பேன்."

ஆக, பந்தயத்தில் வைக்கப்பட்டிருந்தது அவருடைய இன்னொரு கால்.

முத்து முத்தான எழுத்து

சட்டம் என்றால் உண்மையிலேயே சட்டம்தான். யாழினியை மடியில் வைத்துக்கொண்டு வீடியோ வீடியோவாகப் பார்த்து, கிரைண்டர் பெட்டியோடு வரும் காகிதங்களை எல்லாம் படித்து, பெரிய காலண்டரின் பின்பக்கத்தில் பதினான்கு விதிகள் எழுதினேன். வண்டி நின்றதும் என்ஜினை அணைத்து, சாவியைக் கீழே நிற்பவரிடம் கொடுக்க வேண்டும். சக்கரத்துக்குக் கட்டை வைக்காமல் கயிற்றைத் தொடக் கூடாது. வழியில் சரக்கு சாய்ந்திருக்கலாம், ஆகவே பின்கதவை ஓரமாக நின்று திறக்க வேண்டும். பெட்டி பலகையில் சறுக்கி வரும்போது எதிரே ஆள் நிற்கக் கூடாது. இப்படியே போகும்.

எழுதி முடித்ததும், பதிமூன்றாவது விதி ஐந்தாவதாக வந்திருக்க வேண்டுமோ என்று தோன்றியது. வேறு காலண்டர் எடுத்து முதலிலிருந்து எழுதினேன்.

எங்கள் கடைக்குச் சுமை இறக்குகிறவர்கள் இரண்டு பேர். சின்னத்துரைக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும், வாய் ஓயாது. மாரியப்பன் அவருடைய மச்சினன். ஆள் மலை மாதிரி, பேச்சு மட்டும் கிடையாது. சுவரில் ஒட்டிய சட்டத்தைச் சின்னத்துரை வெகுநேரம் நின்று பார்த்தார்.

"எழுத்து முத்து முத்தா இருக்கு டீச்சர்."

சட்டம் ஒட்டிய நாளிலிருந்து அவருக்கு நான் டீச்சர். எனக்குப் பெருமையாக இருந்தது.

"என்ன எழுதிருக்கு?" என்றார்.

இரண்டு பேரும் தாராவியில் பிறந்தவர்கள், இந்திப் பள்ளியில் படித்தவர்கள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. பேசுவது சுத்தமான திருநெல்வேலித் தமிழ். படிப்பது இந்தி. ஆகவே மூன்றாவது காலண்டரில் படம் வரைந்தேன். என் லாரி யானை போல இருந்தது. யாழினி அதற்கு ஊதா வண்ணம் அடித்து வாலும் வைத்தாள். யானைக்குப் பின்னால் ஒரு மனிதன், அவன் மேல் பெரிய பெருக்கல் குறி.

மாரியப்பன் அதைப் பார்த்துவிட்டு வாயைத் திறந்தார். "ஆனைக்குப் பின்னாடி எவன் நிப்பான்?"

சரியாகத்தான் புரிந்துகொண்டிருந்தார்.

அதோடு விடவில்லை நான். இரண்டு கட்டை, இரண்டு பலகை, கயிறு, கையுறை, கிங்ஸ் சர்க்கிளில் வாங்கிய ஒரு விசில். யார் வேண்டுமானாலும் விசில் ஊதலாம், ஊதினால் எல்லாரும் அப்படியே நிற்க வேண்டும் என்பது கடைசி விதி. இரண்டு பேருக்கும் முன்பக்கம் கெட்டியான தோல் ஷூவும் வாங்கினேன். சின்னத்துரை மறுநாளே போட்டுக்கொண்டு வந்தார். மாரியப்பன் வெறுங்காலோடு வந்தார்.

"ஷூ எங்க?"

"கல்யாணத்துக்கு வச்சிருக்கேன்."

"யாரு கல்யாணத்துக்கு?"

"யாருதாவது வரும்லா."

எல்லாமே ஆயுதம்தான்

இப்போது பூஜைக்கு வருவோம். முந்தின நாளே என் மாமியார் சொல்லியிருந்தார், கடையில் ஆயுதம் என்று எது இருந்தாலும் கழுவித் துடைத்துச் சாமிக்கு முன்னால் வைக்க வேண்டும் என்று. சொன்னதைச் செய்கிற மருமகள் நான். தராசு, ஸ்குரூ டிரைவர், பில் மெஷினோடு என்னுடைய கட்டைகள், பலகைகள், கயிறு, கையுறை, விசில் எல்லாவற்றையும் வைத்தேன். விசிலுக்கு எங்கே பொட்டு வைப்பது என்று கொஞ்ச நேரம் யோசித்து, வாயில் படாத பக்கமாக வைத்தேன்.

அத்தை அதைப் பார்த்துத் திருப்திப்பட்டு, மாடிக்குப் போய் இவருடைய ஊன்றுகோலையும் எடுத்துக்கொண்டு வந்தார்.

"அது எதுக்கு அத்தை?"

"அவனுக்கு இப்பம் அதுதானே ஆயுதம்?"

ஆகவே லாரி வந்தபோது என் கணவர் கோல் இல்லாமல் மாடி ஜன்னலில் இருந்தார். யாழினி அவரோடு. அவளை அவர் பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு. பார்க்கிறவர்களுக்கு யார் யாரைப் பார்த்துக்கொள்கிறார்கள் என்று சந்தேகம் வரலாம்.

நான் மெதுவாக ஒரு கட்டையைத் தொட்டேன்.

"ஏ பிள்ள, பொட்டு வச்சாச்சுல்லா. நாளைக்குக் காலைல வரைக்கும் எடுக்கப்பிடாது" என்றார் அத்தை.

"இன்னும் சூடம் காட்டலையே அத்தை?"

"பொட்டு வச்சது யாரு?"

"நான்தான்."

"பெறவு என்ன?"

ஆறு வருஷமாக அத்தையின் 'பெறவு என்ன' கேட்டதும் நான் கையை எடுத்துவிடுவேன், அன்றும் எடுத்தேன். டிரைவரிடம் கேட்டேன், உங்கள் வண்டியில் கட்டை இருக்கிறதா என்று.

"கட்டை இல்லீங்க. நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் இருக்குதுங்."

"எலுமிச்சம்பழம் வண்டியை நிறுத்துமா?"

"அது நிறுத்தறதுக்கு இல்லீங்க, போறதுக்கு."

தேடிப் பார்த்து, இருக்கைக்கு அடியிலிருந்து ஒரு அரைச் செங்கல் எடுத்துக் கொடுத்தார். மணி ஒன்பதரை. சட்டத்தில் செங்கல் இல்லை. சாமி குற்றமும் வேண்டாம், போலீஸ் விசிலும் வேண்டாம், ஒரு தடவைதானே என்று நினைத்தேன். யாழினிக்கு ஒன்றென்றால் 'ஒரு தடவைதானே' என்று ஒருநாளும் நினைக்க மாட்டேன். அன்று நினைத்தேன்.

"சரி, செங்கல்லை வைங்க" என்றேன்.

ஆனே தோ

லாரியைப் பின்னால் எடுக்கும்போது ஒருவர்தான் சைகை காட்ட வேண்டும் என்பது இரண்டாவது விதி. பம்பாயில் இந்த விதி செல்லாது. ரிவர்ஸ் எடுக்கிற வண்டியைக் கண்டால் தெருவில் போகிற ஒவ்வொருவருக்கும் ஒரு கடமை வந்துவிடும். பால் பாக்கெட்டோடு போன ஒருவர் நின்று "ஆனே தோ, ஆனே தோ" என்று வரச் சொன்னார். எதிர்க் கடைக்காரர் "பஸ், பஸ்" என்று, போதும் என்றார். ஸ்கூட்டரில் போனவர் வண்டியைச் சாய்த்து வைத்துவிட்டு "லெஃப்ட் காட்டோ" என்று இடது பக்கம் ஒடிக்கச் சொன்னார். மாடி ஜன்னலிலிருந்து என் கணவர், "இன்னும் வரலாம், நான் பாக்கேம்லா!" என்றார். அவருக்கு அங்கிருந்து லாரியின் கூரைதான் தெரியும்.

டிரைவர் கண்ணாடியில் என் முகம் தெரியும்படி ஓரமாக நின்று, இரண்டு கையையும் தூக்கினேன். "என்னை மட்டும் பாருங்க!"

டிரைவர் மிரண்டுபோய் என்னை மட்டும் பார்த்தார். வண்டி ஒழுங்காக வந்து நின்றது. சாவியை வாங்கித் துப்பட்டா நுனியில் முடிந்துகொண்டேன். பின்சக்கரத்துக்கு அரைச் செங்கல் போனது.

பின்கதவைத் திறக்குமுன் எல்லாரையும் ஓரமாகப் போகச் சொன்னேன். சின்னத்துரை சலித்துக்கொண்டே ஒதுங்கினார். கொக்கியைத் தட்டியதும், நான் சொன்னபடியே உள்ளே சாய்ந்திருந்தது ஒன்று மேலிருந்து தொப்பென்று விழுந்தது. டிரைவருடைய தலையணை.

"நல்லவேளை டீச்சர்" என்றார் சின்னத்துரை. "தலையில விழுந்திருந்தா அப்படியே தூங்கிருப்பேன்."

பால் பாக்கெட்காரர் உட்பட எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்ததால் கொஞ்சம் இளகிவிட்டேன் என்று இப்போது தோன்றுகிறது.

ஒரு கால் அந்தரத்தில்

ஆறு பெரிய மரப்பெட்டிகள். ஓட்டல் கிரைண்டர், கல்லோடு. சின்னத்துரையும் டிரைவரும் மேலே ஏறி, முதல் பெட்டியை நகர்த்த ஆரம்பித்தார்கள். பலகையும் பூஜையில் இருந்ததால், எதிர்க் கடையில் ஒரு கட்டில் பலகை இரவல் வாங்கியிருந்தோம். அதைச் சாய்த்து வைக்க மாரியப்பன் லாரிக்குப் பின்னால் போனார். வலது பக்கத்திலிருந்து வந்து, லாரிக்கும் எங்கள் கடைப் படிக்கும் நடுவில் காலை வைக்கப் போனார்.

அந்த நேரத்தில் எனக்கு ஒரு சத்தம் கேட்டது. பெரிய சத்தம் இல்லை. ரொட்டியை மெல்லுவது மாதிரி ஒரு சத்தம். செங்கல்.

விசிலுக்குக் கை போயிற்று. விசில் சாமிக்கு முன்னால் இருந்தது. வாயைத் திறந்தேன். நில்லுங்கள் என்று சொல்லத்தான் திறந்தேன். நாலு வருஷமாகப் பழகிய வாய் வேறு எதையோ கத்தியது.

"யாழினீ!"

எல்லாம் நின்றது. சின்னத்துரை பெட்டியைப் பிடித்தபடி சிலையானார். எதிர்க் கடைக்காரர் வெற்றிலையை மடித்தபடி நின்றார். ஸ்கூட்டர்காரர் பிரேக்கைப் பிடித்தார், ஸ்கூட்டர் ஓடவில்லை என்றாலும். மாரியப்பன் தூக்கிய காலைத் தூக்கியபடியே வைத்திருந்தார். லாரி மெல்ல ஒரு சாண் பின்னால் வந்து, அவர் கால் வைக்க இருந்த இடத்தைத் தாண்டி, எங்கள் கடைப் படியில் டங்கென்று இடித்து நின்றது.

பண்டிகை நாள் என்று மாரியப்பன் அன்று புது ஷூவைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். அந்தரத்தில் நின்ற காலின் அடியில் விலைச் சீட்டு கிழிக்கப்படாமல் ஒட்டியிருந்தது. அதை நான் இப்போதும் கண்ணை மூடினால் பார்க்க முடியும்.

மாடியிலிருந்து அழுகிற குரலில் ஒரு பதில் வந்தது. "நான் ஒண்ணுமே பண்ணலம்மா! நின்னுக்கிட்டுதான் இருக்கேன்!"

டிரைவர் குதித்து ஓடி, முன்னால் ஏறி, ஹேண்ட் பிரேக்கை இரண்டு கையாலும் இழுத்தார். "போட்டிருந்தனுங்... கொஞ்சம் புடிக்கல போலிருக்குதுங்."

நான் துப்பட்டா நுனியில் சாவி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன்.

கடை வாசலில் பொரித் தட்டோடு நின்று எல்லாவற்றையும் பார்த்த அத்தை, தட்டைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனார். திரும்பி வரும்போது கக்கத்தில் இரண்டு கட்டைகளும் இருந்தன, பூவோடு, சந்தனத்தோடு.

"இந்தா. பொட்டு அழியாம வையி."

வைத்தோம். டிரைவர் குனிந்து, பொட்டு வெளியே தெரியும்படி திருப்பித் திருப்பி வைத்தார். அத்தை பலகைகளைக் கொடுத்தார், கயிற்றைக் கொடுத்தார், விசிலைத் தாமே என் கழுத்தில் மாட்டினார். மாரியப்பனின் ஷூவை ஒரு பார்வை பார்த்து, "இதுக்கும் ஒரு பொட்டு வச்சிருக்கலாம்" என்று முணுமுணுத்தார். செருப்புக் காலோடு யாரையும் வாசல்படி ஏறவிடாதவர் அவர்.

அதற்குப் பிறகு ஆறு பெட்டிகளும் படத்தில் உள்ளபடி இறங்கின. ஒவ்வொரு பெட்டிக்கும் முன்னால் சின்னத்துரை மேலேயிருந்து, "யாழினியம்மா, விடலாமா?" என்று கேட்டார். கேலி கொஞ்சம் இருந்தது. ஆனால் கேட்காமல் ஒரு பெட்டியையும் விடவில்லை.

கடைசிப் பெட்டி உள்ளே போனதும், திருஷ்டி கழிக்க அத்தை பூசணிக்காயைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு லாரிக்குப் பின்னாலேயே வந்தார். நான் விசிலை ஊதிவிட்டேன். மாமியாரைப் பார்த்து விசில் ஊதிய மருமகள் தாராவியில் வேறு யாராவது இருக்கிறார்களா, தெரியவில்லை.

"வழுக்கும் அத்தை. சாக்கடை ஓரமா."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு சாக்கடை ஓரமாகப் போய் உடைத்தார். லாரி எலுமிச்சம்பழங்களை நசுக்கிக்கொண்டு கிளம்பியபோது, பதினொன்றுக்கு ஐந்து நிமிஷம் இருந்தது.

செல்லாத பந்தயம்

மேலே போனேன். என் கணவர் ஒற்றைக் காலில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "ஒரு கீறல் கூட விழலல்லா? நீ ஜெயிச்சுட்ட போ" என்றார்.

அதோடு நான் வாயை மூடியிருக்கலாம்.

"கீறல் விழல. ஆனா சட்டப்படி இறக்கல. செங்கல் வைக்க ஒத்துக்கிட்டது நான்தான். மாரியப்பன் கால் தப்பிச்சது சட்டத்தால இல்ல."

அவர் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். பிறகு அவர் முகத்தில் ஒரு சந்தோஷம் பரவியது.

"அப்பம் பந்தயம் செல்லாது!"

ஒரு பிடி பொரியை வாயில் போட்டுக்கொண்டார். அன்று முழுக்க நான் என்னையே திட்டிக்கொண்டிருந்தேன், செங்கல்லுக்காக ஒரு தடவை, அதைச் சொன்னதற்காக ஒரு தடவை என்று மாற்றி மாற்றி.

அடுத்த லோடு தீபாவளி கழிந்து வந்தது. அதற்குள் எங்கள் கடை வரிசையில் ஒரு புதுப் பழக்கம் வந்திருந்தது. எதையாவது உடனே நிறுத்த வேண்டுமென்றால் "யாழினி!" என்று கத்துவார்கள். தமிழ் தெரியாத டெம்போக்காரர்கள் கூடக் கத்தினார்கள். தமிழில் நிறுத்து என்பதற்கு அதுதான் வார்த்தை என்று நினைத்துக்கொண்டார்கள். "எல்லாரும் என்னையக் கூப்பிடுதாங்க, போனா வேலையே இல்லைங்காங்க" என்று அவள் என்னிடம் முறையிட்டாள்.

என் கணவருக்கு மாவுக்கட்டு பிரித்தாகிவிட்டது. இரண்டு விரலும் கொஞ்சம் கோணலாகச் சேர்ந்திருந்தன. அன்று காலையில் ஷூ போட்டுக்கொண்டு கீழே இறங்கினார். தடுக்க எனக்கு என்ன உரிமை, பந்தயம்தான் செல்லாதே என்று துப்பட்டாவைச் சுற்றிச் சுற்றிப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றேன்.

லாரி வந்து நின்றது. அவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நேராக அதன் பின்னால் போனார். இரண்டு கையையும் விரித்தார்.

"விடு, விடு, நான் இருக்கே—"

"யாழினீ!"

நான் கத்தவில்லை. சின்னத்துரையும் இல்லை. மாடி ஜன்னலில் கம்பிகளுக்கு நடுவே சின்ன முகம் ஒன்று சிவந்துபோய் இருந்தது. தன் பெயரைத் தானே, இருக்கிற பலத்தையெல்லாம் சேர்த்து, அப்பாவைப் பார்த்து இன்னொரு தடவை கத்தியது.

"யாழினீ! ஆனைக்குப் பின்னாடி நிக்கக் கூடாதுப்பா!"

விரித்த கை விரித்தபடியே நின்றார். மேலே பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு கையை இறக்கிக்கொண்டு, லாரிக்குப் பின்னாலிருந்து நகர்ந்து கடைக்குள் போனார். கோபித்துக்கொண்டு போகிறாரோ, அதிகமாகிவிட்டதோ, யாழினியை அடக்கியிருக்க வேண்டுமோ என்று நான் அந்த அரை நிமிஷத்துக்குள் ஆறு விதமாக நினைத்துவிட்டேன்.

கட்டைகளோடு வெளியே வந்தார். லாரியின் பக்கவாட்டில் குனிந்து உட்கார்ந்து, பொட்டு வெளியே தெரியும்படி, சக்கரத்துக்கு அடியில் வைத்தார்.